லிப்டில் ஏறிய ஒட்டகம்

"ஒட்டகம்!"

குரல் வந்ததும் கதை மாமாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது.

காரணம் இருந்தது. கதை மாமா பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாக, நூலகம் நூலகமாகப் போய், குழந்தைகளுக்குக் கதை உருவாக்கக் கற்றுக்கொடுக்கிறவர். எங்கே போனாலும் முதல் கேள்வி ஒன்றுதான். "இன்னைக்குக் கதையில யார் வரப்போறா? நீங்களே சொல்லுங்க!"

இத்தனை வருடத்தில் ஒரு குழந்தைகூட ஒட்டகம் என்று சொன்னதில்லை. சிங்கம் என்பார்கள். டைனோசர் என்பார்கள். ஒரு பையன் 'எங்க கணக்கு டீச்சர்' என்றான். அந்தக் கூச்சலுக்கு நடுவே மாமா காதருகே கையைக் குவித்துக்கொண்டு, "என்னது? ஒட்டகமா? யாருப்பா அது? பிரமாதம்!" என்பார். யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். ஆனால் ஹால் முழுக்கக் கத்திக்கொண்டிருக்கும்போது, பக்கத்தில் இருக்கிறவன் சொல்லியிருப்பான் என்றுதான் ஒவ்வொரு குழந்தையும் நினைக்கும். அடுத்த நொடி மாமா பையைத் திறப்பார். உள்ளேயிருந்து ஒரு துணி ஒட்டகம் தலையை நீட்டும். 'எப்படிக் கண்டுபிடிச்சாரு!' என்று ஹாலே வாயைப் பிளக்கும்.

பையில் ஒட்டகத்தைத் தவிர வேறொன்றும் இல்லை என்பது மாமாவுக்கும், பையைத் தூக்கிக்கொண்டு கூடவே அலையும் மச்சினனுக்கும் மட்டுமே தெரிந்த ரகசியம்.

கதையும் ஒன்றே ஒன்றுதான். மாமனாரின் பிளாஸ்டிக் சாமான் கடையில் ஒரு மத்தியானம் பக்கெட் அடுக்கிக்கொண்டிருந்தபோது தோன்றியது. தாகமெடுத்த ஒட்டகம் ஒன்று மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டியைத் தேடி லிப்டில் ஏறுகிறது. பாதி வழியில் கரண்ட் போய்விடுகிறது. உள்ளே மாட்டிக்கொண்டவர்கள் அதன் கழுத்தில் ஏறித் தப்பித்துவிடுகிறார்கள். ஒட்டகம் மட்டும் உள்ளேயே நிற்கிறது. கடைசியில் மொத்தக் குடியிருப்பும் ஆளுக்கொரு பக்கெட் தண்ணீரோடு ஓடி வருகிறது. அவ்வளவுதான். அதற்குப் பிறகு மாமாவுக்கு இன்னொரு கதை தோன்றவில்லை. தோன்ற வேண்டிய அவசியமும் ஏற்படவில்லை.

இன்றைக்கு, ஒரு பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் வந்திருந்த இந்த நூலக ஹாலில்தான் முதன்முறையாக ஒரு குழந்தை நிஜமாகவே அதைச் சொல்லிவிட்டது.

மூன்றாவது வரிசை. இரட்டைச் சடை. மடியில் கை கோத்து உட்கார்ந்திருந்தாள்.

தானாக வந்த அதிர்ஷ்டம் என்று மாமா மனதைத் தேற்றிக்கொண்டு பையைத் திறந்தார். ஒட்டகம் எட்டிப் பார்த்தது. ஹால் வாயைப் பிளந்தது. இரட்டைச் சடை மட்டும் பிளக்கவில்லை. பஸ்ஸிலிருந்து இறங்கும் சொந்தக்காரரைப் பார்த்தவள்போல ஒட்டகத்துக்குக் கையை ஆட்டினாள்.



"ச… சரி. இந்த ஒட்டகம் எங்கே போகுது?"

"மலைக்கு!" "மார்க்கெட்டுக்கு!" "நிலாவுக்கு!"

"லிப்டுக்குள்ள!"

அதே குரல்.

"அத்தான்," மச்சினன் மைக் வயரைச் சரிசெய்கிற சாக்கில் குனிந்து கிசுகிசுத்தான். "அந்தப் பொண்ணுக்குத் தெரியும்."

"என்னடா தெரியும்?"

"எல்லாமே. நீங்க சொல்றதுக்கு முன்னாடியே அவ வாய் அசையுது. பாருங்க."

மாமா அவளைப் பார்க்கவில்லை. கடைசி வரிசையைப் பார்த்தார். அங்கே ஒரு நாற்காலியில், மூக்குக் கண்ணாடியும் ஃபைலுமாக உட்கார்ந்திருந்தார் நூலகத் துறை அதிகாரி. எழுதிக்கொண்டிருந்த அவர் பேனா நின்றுவிட்டிருந்தது.

விஷயம் அங்கேதான் இருந்தது. எல்லாக் கிளை நூலகங்களிலும் வருடம் முழுக்கப் பட்டறை நடத்த ஒரே ஒரு எழுத்தாளர். அவரைத் தேர்ந்தெடுக்க அதிகாரியே நேரில் வந்திருந்தார். காலையில் நூலகர் மாமாவை ஓரமாக அழைத்து எச்சரித்திருந்தார்.

"மேடத்துக்கு ஒரே ஒரு கண்டிஷன் சார். ரெடிமேட் கதை ஆகாது. குழந்தைங்களே உருவாக்கணும். போன வாரம் ஒருத்தர் மனப்பாடம் பண்ணி ஒப்பிச்சாரு. டீ வர்றதுக்குள்ள அனுப்பிட்டாங்க."

அதிகாரியோ அறிமுகத்தின்போது ஒரு மாதிரி சிரித்துவிட்டு, "உங்களைப் பத்தி எனக்கு முன்னாடியே தெரியும்," என்றார். எப்படித் தெரியும், எவ்வளவு தெரியும் என்று சொல்லவில்லை.

வேலை கிடைக்காவிட்டால் என்ன ஆகும் என்பதை மனைவி வாசலில் செருப்பு மாட்டும்போதே சொல்லி அனுப்பியிருந்தாள். "இதுவும் இல்லைன்னா திங்கக்கிழமை எங்கப்பா கடைக்குக் கிளம்புங்க. பக்கெட் பிரிவுக்கு ஆள் இல்லைன்னு அவர் ரொம்ப நாளா புலம்பறாரு."

"டேய்," மாமா உதடு அசையாமல் சொன்னார். "அவளைக் கொஞ்ச நேரம் வெளியே கூட்டிட்டுப் போடா."

மச்சினன் பூனை நடை போட்டு மூன்றாவது வரிசைக்குப் போனான்.

"பாப்பா, வெளியே தண்ணி குடிக்கக் கூப்பிடறாங்க."

"எனக்குத் தாகம் இல்லண்ணா. ஒட்டகத்துக்குத்தான் தாகம்."

"வெளியே சாக்லேட் தர்றாங்கம்மா."

"கதை முடிஞ்சதும் வாங்கிக்கறேன். கொஞ்சம் தள்ளி நில்லுங்க, மறைக்குது."

மச்சினன் போன வேகத்தில் திரும்பினான். "அத்தான், அசைய மாட்டேங்குது. சிமெண்ட் போட்டு ஒட்டின மாதிரி உக்காந்திருக்கு."

இனி ஒரே வழிதான். கதையைத் திருப்பிவிடுவது. மாமா தொண்டையைச் செருமினார்.

"ஒட்டகம் லிப்டைப் பார்த்துச்சு. ஆனா ஏறல! படிக்கட்டுல ஏற ஆரம்பிச்சுது. டக், டக், டக்…"

"தப்பு மாமா!"

இரட்டைச் சடை எழுந்து நின்றுவிட்டாள். ஹால் கப்பென்று அடங்கியது.

"அது லிப்டுலதான் ஏறும். நான்தானே சொன்னேன்?"

"டூப்பு மாஸ்டர்!" பின்னாலிருந்து ஒரு பையன் கத்தினான். "மாமாவுக்கே உன்னைத் தெரியல, பாத்தியா? அங்கிள், இவ இந்த ஸ்கூலுக்கு வந்த நாள்லேர்ந்து லிப்டு ஒட்டகம் நான் செஞ்ச கதைன்னு ஒரே பீலா! நாங்க யாருமே நம்பல!"

"பீலா இல்ல!" அவள் திரும்பிக் கத்தினாள். பிறகு மாமாவிடம், குரல் இறங்கி, "என் பழைய ஸ்கூல்ல மாமா. நான் ஜன்னல் ஓரம் உக்காந்திருந்தேன். நீங்க கையை நீட்டி, 'லிப்டுன்னு சொன்னது இந்தப் பொண்ணுதான்'னு சொன்னீங்க. எல்லாரும் கைதட்டுனாங்க. ஞாபகம் இல்லையா?"

அவளை மாமாவுக்கு ஞாபகம் இல்லை. ஆனால் அந்த நீட்டிய கை நன்றாக ஞாபகம் இருந்தது. அது தொழில் நுணுக்கம். இல்லாத பதிலுக்கு ஒரு சொந்தக்காரர் வேண்டும் அல்லவா? கத்துகிற குழந்தையைக் காட்டக் கூடாது. தான் என்ன கத்தினோம் என்று அதற்குத் தெரியும். வாயே திறக்காமல் ஓரமாக இருக்கும் குழந்தையாகப் பார்த்துக் காட்ட வேண்டும். அது மறுக்காது. கைதட்டல் விழுந்ததும், சொன்னது நாம்தானோ என்று அதுவே நம்பத் தொடங்கிவிடும்.

நம்பித்தான் இருந்தாள். ஒரு ஸ்கூல் விட்டு இன்னொரு ஸ்கூலுக்குத் தூக்கிக்கொண்டு வந்திருக்கிறாள்.

"டூப்பு! டூப்பு!" என்று பின்வரிசை தாளம் போட ஆரம்பித்தது. அவளுடைய கீழுதடு நடுங்கியது. கடைசி நாற்காலியில் அதிகாரி கண்ணாடியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு பார்த்தார்.

இவளைத் தெரியாது என்று சொன்னால், புதிய கதை புதிய கதையாகவே நிற்கும். வேலை கைக்கு வரும். தெரியும் என்று சொன்னால், பழைய கதையோடு வந்து நிற்கும் பேர்வழி என்று ஊருக்கே தெரியும்.

"ஞாபகம் இல்லாம என்ன?" என்றார் கதை மாமா. சொன்ன பிறகுதான் சொல்லிவிட்டோம் என்று அவருக்கே தெரிந்தது. "சும்மா சோதிச்சுப் பார்த்தேன். இது இவ கதைதாண்டா பசங்களா. கதை எழுதினவங்களே வந்திருக்கும்போது எனக்கு இங்க என்ன வேலை? வாம்மா, மேலே வா."

"அத்தான்… பக்கெட்டு…" என்று மச்சினன் முனகினான்.

அவள் மேடைக்கு வந்தாள். துணி ஒட்டகத்தைக் கையில் மாட்டிக்கொண்டாள். ஒரு வார்த்தை பிசகவில்லை. மாமா இழுக்கும் இடத்தில் இழுத்தாள், நிறுத்தும் இடத்தில் நிறுத்தினாள். கரண்ட் போகிற இடத்தில் மாமா வெறுமனே 'டப்' என்பார். அவள் கண்ணை மூடிக்கொண்டு, இரண்டு மூச்சு விட்டு, மெதுவாக "இருட்டு" என்றாள். முன்வரிசைப் பொடிசுகள் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டன. பக்கெட்டுகள் வந்து சேர்ந்தபோது டூப்பு என்று கத்திய பையன்தான் முதலில் எழுந்து நின்று கைதட்டினான்.

நம்மைவிட நன்றாகச் சொல்கிறாளே என்று மாமாவுக்குப் பொறாமையாகக்கூட இருந்தது.

எல்லாம் முடிந்ததும், மாடியில் நூலகரின் அறையில் மின்விசிறி தலைக்கு மேலே கடகடத்தது. அதிகாரி ஃபைலை மேஜைமேல் வைத்தார். மச்சினன் கதவோரமாக ஒட்டகம் இல்லாத பையை அணைத்துக்கொண்டு நின்றான்.

"உங்களை நான்தான் தேடிப் பிடிச்சுக் கூப்பிடச் சொன்னேன். தெரியுமா?" என்றார் அதிகாரி.

"தெரியாது மேடம்."

"என் பையன் வீட்டை விட்டு வெளியில போனா வாயைத் திறக்க மாட்டான். டாக்டர்கிட்டகூடக் காட்டினோம். போன வருஷம் நீங்க அவன் ஸ்கூலுக்கு வந்தீங்க. அன்னைக்கு வீட்டுக்கு வந்து பையைக்கூடக் கழட்டலை. 'அம்மா, நான் சொன்ன கதைக்கு எல்லாரும் கைதட்டினாங்க'ன்னு ஆரம்பிச்சவன், தூங்கற வரைக்கும் நிறுத்தலை." அதிகாரி முன்னால் சாய்ந்தார். "என்ன கதைன்னு நினைக்கிறீங்க?"

மாமா கதவோரத்தில் நின்ற மச்சினனைத் திரும்பிப் பார்த்தார்.

"லிப்டுல ஏறுன ஒட்டகம். படம் வரைஞ்சு ஹாலு, கிச்சன், பாத்ரூம் கதவுன்னு வீடு பூரா ஒட்டி வெச்சிருக்கான். அது என் பையன் கதை சார். இந்தப் பொண்ணு எங்கேயோ கேட்டுட்டு வந்து தன்னோடதுன்னு சொல்லுது. அதானே? நீங்க பாவம் பார்த்து மேடையில விட்டுக்கொடுத்துட்டீங்க. எனக்குப் புரியுது." பேனாவைத் திறந்தார். "ஆமான்னு ஒரு வார்த்தை சொல்லுங்க. இப்பவே கையெழுத்துப் போட்டுடறேன். அவ டீச்சர்கிட்ட நான் பேசிக்கறேன். பொய் சொல்ற பழக்கத்தை இந்த வயசுலயே நிறுத்தணும்."

கதவோரத்தில் மச்சினன் கழுத்து சுளுக்கிவிடும் அளவுக்கு மேலும் கீழும் தலையை ஆட்டினான்.

மாமாவின் வாய்க்குள் ஒரு வாக்கியம் வந்து நின்றது. 'மேடம், அது உங்க பையன் கதையும் இல்லை, அவ கதையும் இல்லை. என் கதை.' எவ்வளவு சின்ன வாக்கியம்! ஆனால் அது வெளியே வந்தால் ஒரு வீட்டின் சுவர்களிலிருந்து ஒட்டகங்கள் ஒவ்வொன்றாகக் கிழிந்து விழும். 'ஆமா' என்று சொன்னாலோ, கீழே நிற்கிற இரட்டைச் சடை மறுபடியும் டூப்பு மாஸ்டர்.

"உங்க பையன் சொன்னதுதான் மேடம்," என்றார்.

"அதானே பார்த்தேன்."

"ஆனா அந்தப் பொண்ணு பொய் சொல்லலை. உங்க பையன் கதையை நான்தான் அவ ஸ்கூலுக்குக் கொண்டுபோய், அவ சொன்ன மாதிரி பண்ணிட்டேன். அவளுக்கு ஒண்ணும் தெரியாது."

பேனா மூடிக்கொண்டது. அதிகாரியின் முகம் சிவந்துவிட்டது.

"அப்ப நீங்க குழந்தைங்க கதையைத் திருடித்தான் பொழைப்பு நடத்தறீங்களா? வெட்கமா இல்ல? கதை மாமான்னு பேர் வேற! உங்களுக்குன்னு சொந்தமா ஒரு கதைகூட யோசிக்க வராதா சார்?"

"ஒரு தடவை வந்துச்சு மேடம்," என்றார் கதை மாமா.

அறையை விட்டு வெளியே வந்ததும் மச்சினன் வெடித்தான். "உங்களுக்கு என்ன அத்தான், பித்துப் பிடிச்சிருக்கா? உங்க கதையை நீங்களே திருடினதா ஒத்துக்கிட்டு வர்றீங்க! உலகத்துல எவனாவது இப்படிப் பண்ணுவானா?"

"மெதுவாப் பேசுடா."

"அக்காகிட்ட நான் என்ன சொல்லட்டும்?"

"உங்கப்பாவுக்கு பக்கெட் பிரிவுக்கு ஆள் கிடைச்சாச்சுன்னு சொல்லு. சந்தோஷப்படுவாரு."

படிக்கட்டு முனையில் இரட்டைச் சடை நின்றிருந்தாள். ஒரு கையில் ஒட்டகம், இன்னொரு கையில் சாக்லேட். பக்கத்தில் டூப்பு பையன், அவளுடைய தண்ணீர் பாட்டிலைப் பயபக்தியோடு பிடித்துக்கொண்டிருந்தான்.

"மாமா, இந்தாங்க." ஒட்டகத்தை நீட்டினாள். "இது உங்களோடது. கதைதான் என்னோடது."

"தேங்க்ஸ்மா."

அவள் கொஞ்சம் யோசித்தாள். பெரிய மனதோடு ஒரு முடிவுக்கு வந்தவள்போலத் தலையசைத்தாள். "வேற எங்கேயாவது போனா நீங்க இந்தக் கதையைச் சொல்லிக்கலாம் மாமா. நான் கோவிச்சுக்க மாட்டேன்."

மச்சினனுக்குப் புரையேறியது.

"யாரு செஞ்சதுன்னு கேட்டா உன்னைத்தான் சொல்வேன்," என்றார் மாமா.

"சரி. ஆனா முடிவை மட்டும் மாத்திடாதீங்க. பக்கெட்டுதான் முக்கியம். அதை விட்டுடக் கூடாது."

"விட மாட்டேன்மா," என்றார் கதை மாமா, ஒட்டகத்தைப் பைக்குள் தலைகீழாகச் செருகியபடி. "திங்கக்கிழமையிலேர்ந்து அதுதான் வேலை."