ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஓடிய நாய்

1.

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இது என் கதையில்லை, அக்காவின் கதை. அக்கா ஒரு சின்ன ஊரில் கால்நடை மருத்துவர். அவளை வைத்து ஒன்பது மர்மக் கதைகள் எழுதியிருக்கிறேன். ஒன்பதிலும் கடைசிப் பக்கத்தில் குற்றவாளியைக் கையும் களவுமாகப் பிடித்துவிடுவாள்.

"நான் என்ன போலீஸாடா?" என்றாள் படித்துவிட்டு. "மாட்டுக்குக் காய்ச்சல்னா மாட்டைப் பார்ப்பேன். தப்பு யார் மேலன்னு மாடா கேக்குது?"

பத்தாவதை அவள் சொன்னபடியே எழுதப் பார்க்கிறேன்.

2.

'மழை கொட்டிய அந்த மாலையில், நாயின் கண்களில் மரணம்...'

வேண்டாம். மழையும் பெய்யவில்லை, நாயும் சாகவில்லை.

டீச்சரம்மா கட்டையனைத் தூக்கிக்கொண்டு வந்தார். கட்டையன் அவர் வீட்டுக் குட்டைக்கால் நாய். ஒரு மாதமாக மத்தியானமானால் தள்ளாடுகிறது. அன்று படியில் உருண்டு தாடை கிழிந்துவிட்டது.

"விஷம் வெக்கிறான் டாக்டர். எங்க மாடியில குடியிருக்கானே, அவன்தான். நாய் குரைக்குதுன்னு சண்டைக்கு வந்தான். இந்த மாசத்தோட காலி பண்ணச் சொல்லிட்டேன்."

அக்கா தாடையில் மூன்று தையல் போட்டாள். பிறகு கட்டையனைத் தரையில் விட்டு நடக்க வைத்தாள். அவள் ஏற்கெனவே பார்த்த நடைதான். வலிப்பு வரும் நாய்களுக்கு அவள் எழுதிக்கொடுக்கும் மாத்திரை, ஆரம்பத்தில் அவற்றை இப்படித்தான் நடக்க வைக்கும்.

"எல்லா நாளும் இப்படியாம்மா?"

"ஞாயித்துக்கிழமை மட்டும் நல்லா ஓடுது."

"மாடிக்காரர் அன்னைக்கு எங்க இருப்பார்?"

"அன்னைக்குத்தான் நாள் பூரா வீட்டுல கிடப்பான். மத்த நாள் காலையிலேயே வேலைக்குப் போயிடுவான்."

"வீட்டுல யாராவது மாத்திரை சாப்பிடறாங்களா?"

"எங்க வீட்டுக்காரர். போன வருஷம் வலிப்பு வந்துச்சு. மத்தியானத்துக்கு ஒண்ணு, கிண்ணத்துல எடுத்து வெச்சுட்டுத்தான் பள்ளிக்கூடம் போவேன். வந்து பார்த்தா கிண்ணம் காலியா இருக்கும். ஞாயித்துக்கிழமைன்னா நானே கையில குடுத்துடுவேன்."

அக்கா அதற்கு மேல் கேட்கவில்லை. "நாளைக்கு மத்தியானம் தையல் பாக்க வரேன்" என்றாள்.

3.

டீச்சரம்மாவின் கணவர் அச்சகம் ஒன்றுக்கு வீட்டிலிருந்தே பிழை திருத்துபவர். முதல் வரைவில் அவரைக் கொடுமைக்காரராக எழுதியிருந்தேன். ஆனால் அக்கா போனபோது அவர் தரையில் உட்கார்ந்து, தண்ணீர்க் கிண்ணத்தைக் கட்டையனின் வாய்க்கு நேராகப் பிடித்துக்கொண்டிருந்தாராம். அந்த வரைவை அடித்துவிட்டேன்.

(மாத்திரை வேண்டாமென்றால் குப்பையில் போட வேண்டியதுதானே என்கிறீர்கள். நானும் கேட்டேன். ஒரு நாள் அது கைதவறி விழுந்திருக்கிறது. கட்டையன் லபக்கென்று விழுங்கிவிட்டது. மறுநாள் அவர் கை தானாகவே கீழே போயிற்று.)

"அதைப் போட்டா எழுத்தெல்லாம் நழுவுது டாக்டர். போன மாசம் கல்யாணப் பத்திரிகை ஒண்ணுல மாப்பிள்ளை பேரு விட்டுப்போனதையே கவனிக்கல."

"அம்மாகிட்ட சொல்ல வேண்டியதுதானே?"

"நான் தரையில விழுந்து, கை கால் வெட்டி வெட்டி இழுத்துக்கிட்டு கெடந்ததைப் பார்த்தவ அவ. இன்னைக்கும் நான் தும்மினா ஓடி வர்றா. மாத்திரை போடலன்னு தெரிஞ்சா வேலையை விட்டுட்டு என் பக்கத்துலயே உட்கார்ந்துடுவா."

"மறுபடி வலிப்பு வந்தா? அப்போ வீட்டுல கட்டையன் மட்டும்தானே இருக்கும்?"

அவர் நாயின் காதைத் தடவிக்கொண்டிருந்தார்.

"மாடிக்காரர் வேற, ஒரு தப்பும் பண்ணாமலே வீட்டைக் காலி பண்ணப் போறார்" என்றாள் அக்கா.

"நீங்களே அவகிட்ட சொல்லிடுங்களேன் டாக்டர்."

"நாய்க்கு என்னன்னு நான் சொல்வேன். உங்களுக்கு என்னன்னு நீங்கதான் சொல்லணும். மருந்தை மாத்தித் தரச்சொல்லி உங்க டாக்டர்கிட்டக் கேட்கலாம். ஆனா அம்மாவுக்குத் தெரியணும்."

4.

பள்ளிக்கூடம் விட்டு டீச்சரம்மா வரும்வரை அக்கா அங்கேயே இருந்தாள்.

"யாரும் விஷம் வெக்கலம்மா. கட்டையன் தின்னது மாத்திரை. எப்படின்னு சார் சொல்வார்."

அக்கா நாயோடு வெளியே வந்து நின்றாள். கதவு சாத்திக்கொண்டது.

முடிவு அ: டீச்சரம்மா அழுகிறார்.

முடிவு ஆ: டீச்சரம்மா சிரித்துவிட்டு, கிண்ணத்தைத் தூக்கி எறிந்து

முடிவு இ: இரண்டு பேரும் ஒன்றுமே பேசாமல்

மூன்றையும் அடித்துவிட்டேன். அக்கா கண்ணால் பார்த்தது இதுதான்: கால் மணி நேரத்தில் கதவு திறந்தது. டீச்சரம்மா யாரையும் பார்க்காமல் விறுவிறுவென்று மாடியேறினார். பூட்டியிருந்த கதவின் அடியில் ஒரு சீட்டைச் செருகினார். மாடிக்காரர் இன்னும் அங்கேதான் குடியிருக்கிறார். கணவருக்கு வேறு மருந்து எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். கட்டையன் எல்லா நாளும் ஓடுகிறது.

"உள்ள என்னக்கா பேசினாங்க?"

"அது அவங்க வீட்டு விஷயம்."

"ஒண்ணுமே காதுல விழலையா?"

"கதவு சாத்தறதுக்குள்ள அவர் சொன்னது விழுந்துச்சு. 'கோச்சுக்காத'ன்னார்."

அந்தக் கால் மணி நேரத்தை எழுத எனக்கு வராது. நான் தனியாக இருப்பவன். ஒருவரோடு ஒரே வீட்டில் நெடுங்காலம் இருந்தவர்களுக்குத்தான் அது தெரியும். நீங்கள் அப்படி இருந்தவரென்றால், அடுத்த வரி உங்களுடையது.

"கோச்சுக்காத," என்றார் அவர்.