கூரைத் தார்ப்பாய்

கூடையைத் தலையில் ஏற்றிக்கொண்டபோதே சாலம்மாளுக்கு வானம் சரியாகப் படவில்லை. தெற்கே கீழ்புத்துப்பட்டுப் பக்கம் கருத்துக்கொண்டு வந்தது. சித்திரை மாசக் காலையில் அந்த நேரத்துக்கெல்லாம் கண்ணைத் திறந்து பார்க்க முடியாதபடி உப்புப் பாத்தியில் வெள்ளை அடிக்கும். அன்றைக்கு உப்பு சாம்பல் நிறத்தில் கிடந்தது. அவள் புருஷன் மாயவன் கணுக்கால் அளவு உப்புத் தண்ணீரில் நின்று, பலகையால் உப்பை வரப்போரம் இழுத்து ஒதுக்கிக்கொண்டிருந்தான். சாலம்மாள் வரப்பில் நடந்து, ரோட்டோர மேட்டில் இருந்த அம்பாரத்தின் மேல் ஏறிக் கூடையைக் கவிழ்த்தாள்.

ஆறு குடும்பங்கள் தை மாசத்திலிருந்து வாரிக் குவித்த உப்பு அது. ஓட்டு வீட்டு உயரத்துக்கு வளர்ந்திருந்தது. லாரி வந்து எடை போட்டு ஏற்றினால்தான் கூலியில் பாதி கைக்கு வரும். அதுவரை அம்பாரம் முதலாளியுடையது. அது கரையாமல் இருக்க வேண்டுமே என்ற கவலை மட்டும் கூலிக்காரர்களுடையது.

"யம்மா, பஸ்சுக்கு சில்லற இருந்தா குடு."

ரோட்டிலிருந்து பூவிழி கூப்பிட்டாள். துவைத்து மடித்த சுடிதார், கையில் அட்டை, பேனா. திண்டிவனத்தில் பி.எஸ்சி. கணக்குப் பாடம் மூன்றாவது வருஷம். அன்றைக்கு எழுதப்போகிற பரீட்சையோடு படிப்பு முடிகிறது. இதுவரை ஒரு பேப்பரிலும் அவள் தவறியதில்லை.

தவறவும் முடியாது. முதலாளி பஞ்சநாதன் தன் அப்பா பெயரில் ஒரு டிரஸ்ட் வைத்திருந்தார். உப்பளத்துப் பிள்ளைகள் கல்லூரியில் சேர்ந்துவிட்டுப் பாதியில் நின்றுவிடுகிறார்கள், இல்லாவிட்டால் அரியர் வைத்துக்கொண்டு வருஷக்கணக்கில் இழுக்கிறார்கள் என்று அவருக்கு மெத்த வருத்தம். அதனால் உதவித்தொகைக்கு ஒரு நிபந்தனை போட்டிருந்தார். மூன்றே வருஷத்தில், அரியர் இல்லாமல் முடிக்க வேண்டும். முடித்தால் கொடுத்த பணம் இனாம். மேலே பி.எட். படிக்கவும் டிரஸ்டே கட்டும். முடிக்காவிட்டால் அதுவரை கொடுத்ததெல்லாம் அம்மா அப்பா பேரில் முன்பணமாக மாறிவிடும். முன்பணம் தீருகிற வரைக்கும் வேறு அளத்துக்குப் போகக்கூடாது என்பது எழுதாமலே எல்லோருக்கும் தெரிந்த சட்டம்.

சாலம்மாள் முந்தானை முடிச்சை அவிழ்க்கும்போது முதல் சொட்டு விழுந்தது. பெரிய சொட்டு. உப்பின் மேல் பட்ட இடத்தில் குழி விழுந்தது.

அதற்குள் பஞ்சநாதனின் ஜீப் வந்து நின்றது. மழை வாசனை கூலிக்காரர்களுக்கு முன்னால் அவருக்கு அடித்துவிடும். வெள்ளைச் சட்டையோடு சேற்றில் இறங்கி, அம்பாரத்தை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார்.

"ரெண்டு தார்ப்பாதான் இருக்குது. இது பாதிக்குக்கூடப் பத்தாது. ஏம்பா மாயவா, சுனாமிக்குக் குடுத்தாங்களே நீலத் தார்ப்பா, எல்லார் வூட்லயும் இருக்குதுல்ல? எடுத்தாங்க, எடுத்தாங்க!"

"அது கூரையில கெடக்குதுங்க," என்றாள் பக்கத்தில் கூடையோடு நின்ற விருத்தாம்பாள்.

"கூர எங்கியும் ஓடிடாது. உப்பு ஓடிடும்."

ஆட்கள் எல்லோரும் அம்பாரத்தின் மேல் ஏறி, இருக்கிற தார்ப்பாயை இழுத்துப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். காற்று அதைப் பிடுங்கிக்கொண்டு போகப் பார்த்தது. கையை விட்டுவிட்டு வீட்டுக்கு ஓட ஆளில்லை. பஞ்சநாதனின் கண் பூவிழி மேல் விழுந்தது.

"நீ மாயவன் பொண்ணுதான? டிரஸ்ட்ல படிக்கிற பொண்ணு. ஓடிப்போய் நாலு வூட்டுத் தார்ப்பாவ இழுத்துட்டு வாம்மா."

"பரீச்சைக்குப் போணும் சார். பஸ் வந்துடும்."

"எத்தினி மணிக்குப் பரீச்ச?"

"பத்துக்கு சார்."

"அதுக்கு இன்னும் எம்மா நேரம் கெடக்குது! நம்ம ஜீப்லயே திண்டிவனம் கொண்டுபோய் வுடச் சொல்றேன். ராணி மாதிரி போய் எறங்கு. ஓடு."

பூவிழி அம்மாவைப் பார்த்தாள். சாலம்மாள் தார்ப்பாயின் நுனியைப் பல்லில் கடித்துக்கொண்டு கயிறு முடிந்துகொண்டிருந்தாள். நுனியை விட்டுவிட்டுக் கத்தினாள்.

"போடி! மொதலாளிதான் சொல்றாரே. இது கரைஞ்சா நாலு மாசம் பட்ட பாடு போச்சு. ஓடு!"

அந்த 'ஓடு' பிற்பாடு எத்தனையோ நாள் சாலம்மாளின் நெஞ்சில் வந்து குத்தியது.

பூவிழி அட்டையை அம்மாவின் சோற்றுப் பையில் செருகிவிட்டு ஓடினாள். காலனியில் ஒவ்வொரு கூரையாக ஏறிக் கல்லைத் தள்ளிக் கயிற்றை அறுத்தாள். கடைசியாகத் தன் வீட்டுக் கூரை. அந்தத் தார்ப்பாயில் அடுப்புக்கு நேர் மேலே ஒரு கிழிசல் உண்டு. போன மழைக்காலத்தில் அவளே தன் பச்சைத் தாவணியில் ஒரு துண்டு வெட்டி, இரண்டாக மடித்து, மீன் வலை பின்னும் நைலான் நூலால் தைத்து, ஓரமெல்லாம் தார் பூசியிருந்தாள். அதைச் சுருட்டிக்கொண்டு நிமிர்ந்தபோது, திண்டிவனம் பஸ் ரோட்டில் போவது கூரை மேலிருந்து தெரிந்தது. ஜீப்தான் இருக்கிறதே என்று அவள் பதறவில்லை. கீழே அவளுடைய பாயும் புத்தகங்களும் நனையத் தொடங்கியிருந்தன.

அம்பாரத்தை மூடி, சுற்றிலும் கல் வைத்து, கயிறு இழுத்துக் கட்டி முடித்தபோது மழை கொட்டிக்கொண்டிருந்தது. உப்பு அரித்த கால்களோடு எல்லோரும் மூச்சு வாங்க நின்றார்கள். உள்ளே ஒரு கூடை உப்புகூடக் கரையவில்லை. பூவிழி ஜீப்பைத் தேடினாள். காணவில்லை.

"அடுத்த அளத்த ஒரு எட்டு பாத்துட்டு வந்துடறேன்னு மொதலாளி போனாரு," என்றாள் விருத்தாம்பாள். "இப்ப வந்துடும்டி."

வரவில்லை. பூவிழி ரோட்டில் நின்றாள், நனைந்துகொண்டே. ஏதோ ஒரு லாரி நிறுத்தாமல் போனது. அடுத்த பஸ் வந்தபோது ஏறிக்கொண்டாள். சொட்டச் சொட்டப் பரீட்சை ஹால் வாசலில் போய் நின்றவளை அங்கிருந்த ஆசிரியை இரக்கமாகத்தான் பார்த்தாள்.

"அர மணி நேரத்துக்கு மேல லேட்டா வந்தா உள்ள விடக் கூடாதும்மா. ரூல். நவம்பர்ல எழுதிக்க."

ஆனி மாசம் ரிசல்ட் வந்தது. எல்லாப் பேப்பரிலும் பாஸ். ஒன்றில் மட்டும் ஆப்சென்ட்.

முதலாளியைப் பார்க்க மூன்று பேரும் போனார்கள். குடோனை ஒட்டிய ஆபீஸில் மின்விசிறி ஓடிக்கொண்டிருந்தது. கணக்கர் மரியதாஸ் மேசையோரம் தலை குனிந்து எழுதிக்கொண்டிருந்தார். பஞ்சநாதன் கோபக்காரர் இல்லை. எழுந்து நின்றே வரவேற்றார்.

"வாம்மா. அன்னிக்கு நீ இல்லன்னா அம்பாரம் காலி. நான் எல்லார்கிட்டயும் சொல்லிக்கினுதான் இருக்கேன், கேட்டுப்பாரு மரியதாச."

"அதாங்க மொதலாளி," என்றான் மாயவன். தோளிலிருந்த துண்டு இடுப்புக்கு இறங்கியிருந்தது. "அந்த ஒண்ணாலதாங்க பரீச்ச போச்சு. நீங்க ஜீப்ல வுடுறேன்னு சொன்னீங்க."

"சொன்னேன். இல்லன்னு சொல்லலியே? அடுத்த அளத்துல வரப்பு ஒடைஞ்சிப் போச்சு, அங்க மாட்டிக்கினேன். மழைக்கு நானா பொறுப்பு?"

"நவம்பர்ல எழுதிடுவேன் சார்," என்றாள் பூவிழி. "ஒரே பேப்பர்தான். அதுவரைக்கும் பொறுத்துக்கிட்டீங்கன்னா போதும்."

"எனக்கு ஆசைதாம்மா. ஆனா டிரஸ்டுன்னா நான் ஒருத்தன் இல்ல, அஞ்சு பேர் இருக்கோம். டயத்துக்கு முடிக்கணும், அதுதான் இந்த டிரஸ்டோட உசிரு. ஒனக்கு வுட்டுக் குடுத்தா, நாளைக்கு ஒவ்வொருத்தரும் உப்பு மேல பழி போடுவாங்க."

மரியதாஸ் பேனாவை வைத்தார். "சார், நடந்தத எழுதி நீங்க ஒரு கையெழுத்துப் போட்டா, மத்தவங்க ஒத்துக்குவாங்க," என்றார் மெதுவாக.

"எதுக்கு மரியதாஸ்? பரீச்ச எழுதப் போற பொண்ண உப்பு மூட வெச்சேன்னு நானே எழுதிக் குடுக்கவா?"

மரியதாஸ் மறுபடி பேனாவை எடுத்துக்கொண்டார்.

"வட்டி கெடையாது," என்றார் பஞ்சநாதன், பெரிய மனசோடு. "வாரா வாரம் கூலியில கொஞ்சமாப் புடிச்சிக்கறோம். பொண்ணும் இப்ப சும்மாதான இருக்குது? கூட வந்து ஒரு கூட தூக்கினா சீக்கிரம் தீந்துடும்."

சாலம்மாளுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. உப்புப் பட்ட புண்ணில் எரிகிறதே, அப்படி. வாயைத் திறந்தால் என்ன வரும் என்று அவளுக்கே பயமாக இருந்தது. பூவிழிதான் கேட்டாள்.

"அன்னிக்கு மூடுன உப்பு இன்னா ஆச்சு சார்?"

"அதுவா? சேலம் பார்ட்டி எடுத்துக்கினான். மழையில எல்லா எடத்துலயும் உப்பு போயிருச்சுல்ல, நல்ல வெல."

"லாரி டயத்துக்கு வந்துச்சா சார்?"

பஞ்சநாதன் அவளை ஒரு நிமிஷம் பார்த்தார். முகத்திலிருந்த சிரிப்பு முதல் தடவையாக மறைந்தது. "ஏம்பா மாயவா, பொண்ணக் கூட்டிட்டுப் போ," என்றார்.

வாசல் வரை போன சாலம்மாள் திரும்பினாள். "எங்க தார்ப்பாவாவது குடுத்துடுங்க சாமி. வூடு தொறந்து கெடக்குது."

"எல்லாம் குடோன்ல ஒண்ணாக் கெடக்குது. யாருது எதுன்னு யாரு பாக்கறது? ஆவணியில டிரஸ்ட் விழா வருது. முடியட்டும், பாத்துக்கலாம்."

அந்த வாரமே கூலியில் பிடித்தம் ஆரம்பித்தது. பி.எட். காலேஜில் பூவிழிக்கு எடுத்து வைத்திருந்த இடம் வேறு யாருக்கோ போயிற்று. அவள் அம்மாவின் பழைய சேலையைச் சும்மாடாகச் சுற்றிக்கொண்டு வரப்பில் நடக்கப் பழகினாள். முதல் நாள் இரண்டு கூடை கீழே கவிழ்ந்தது. மூன்றாம் நாள் கவிழவில்லை. அது கவிழாமல் போனதைப் பார்த்துத்தான் மாயவன் பாத்தியில் நின்றபடியே அழுதான்.

ஆவணியில் விழா வந்தது. அம்பாரத்தை ஒட்டிய களத்தில் மேடை போட்டார்கள். கூலிக்காரர்கள் எல்லோரும் வர வேண்டும் என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். முன்வரிசை நாற்காலிகளில் வெளியூர்க்காரர்கள் உட்கார்ந்தார்கள். நாற்காலிக்குப் பின்னால் வெறுந்தரையில், மேலே ஒன்றும் இல்லாத இடத்தில், அளத்து ஜனம் உட்கார்ந்தது. மேடைக்கு மட்டும் பந்தல் உண்டு. வாடகைப் பந்தல் எதற்கு என்று பஞ்சநாதன் குடோனிலிருந்ததையே எடுத்துக் கட்டச் சொல்லியிருந்தார்.

மூன்று பேருக்கு மேடையில் சால்வையும் சுவர்க் கடிகாரமும் கொடுத்தார்கள். எடை போடும் கிளார்க்கின் மகன், மரக்காணம் கடைத்தெருவில் இரும்புக்கடை வைத்திருப்பவரின் மகள், லாரி புரோக்கரின் மகன். மூவர் வீட்டிலும் மழைக்குக் கூரையைப் பற்றி நினைக்க வேண்டியதில்லை. அளத்தில் இறங்கி வேலை செய்கிற வீட்டுப் பிள்ளை ஒன்றுகூட அங்கே இல்லை.

"அந்த நடு எடத்தப் பாரு," என்று பூவிழி அம்மாவின் காதில் சொன்னாள்.

சாலம்மாள் அண்ணாந்து பார்த்தாள். மேடையின் நடுவில், மைக்குக்கு நேர் மேலே, நீலத்தில் ஒரு பச்சைத் துண்டு. ஓரமெல்லாம் தார்.

பஞ்சநாதன் பேசிக்கொண்டிருந்தார். காலம் பொன் போன்றது என்றார். ஏழைப் பிள்ளைகளுக்கு அறிவு இருக்கிறது, காலத்தின் அருமைதான் தெரியவில்லை என்றார். கைதட்டினார்கள். கடற்பக்கமிருந்து காற்று குளிர்ந்து வந்தது. மெழுகுவர்த்தி அணைவதுபோல வெளிச்சம் சட்டென்று குறைந்தது. பின்வரிசையில் முதல் சொட்டுகள் விழுந்தபோது முன்வரிசைக்காரர்கள் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு மேடைக்கு ஏறினார்கள்.

பஞ்சநாதன் களத்தைப் பார்த்தார். பக்கத்தில் புது அம்பாரம் திறந்து கிடந்தது. மைக்கை இறுகப் பிடித்துக்கொண்டார்.

"ஏம்பா, ஏம்மா! இன்னா உக்காந்துனு இருக்கீங்க? அம்பாரத்த மூடுங்க! வூட்ல தார்ப்பா இருக்கிறவங்க ஓடிப்போய் எடுத்தாங்க! ஓடுங்க!"

ஸ்பீக்கர் அதை ரோடு வரைக்கும் கொண்டுபோயிற்று. ஒருவரும் அசையவில்லை. விருத்தாம்பாள் சாலம்மாளைப் பார்த்தாள். எழுந்திருக்கப்போன மாயவனின் வேட்டியைப் பூவிழி பிடித்து இழுத்து உட்காரவைத்தாள். அம்பாரத்தின் உச்சியில் குழி விழுந்து, உப்பு சாம்பல் நிறமாகி, அவர்களுடைய கூலியும் அதோடு சேர்ந்து வாய்க்கால் கட்டி இறங்கத் தொடங்கியது.

சாலம்மாள் தலையில் முந்தானையைக்கூடப் போட்டுக்கொள்ளாமல் மேடையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பந்தலின் நடுவில் தண்ணீர் தேங்கித் தார்ப்பாய் பானைபோல் தொங்கியது. அதன் அடியில் வெள்ளைச் சட்டையோடு நின்று பஞ்சநாதன் கத்திக்கொண்டே இருந்தார். பூவிழி போட்ட ஒட்டு நன்றாகப் பிடித்திருந்தது. அவர் மேல் ஒரு சொட்டு ஒழுகவில்லை.