சத்தம் வரலை என்று ஒரு புகார்

சூப்பரிண்டெண்டுக்கு வீட்டில் பிடிக்காத விஷயங்கள் நிறைய உண்டு என்றாலும், முதலிடம் ஜன்னல்களுக்குத்தான். எல்லாம் மரச் சட்டம். மழைக்காலத்தில் உப்பிக்கொண்டு மூடாது. வெயில் காலத்தில் சுருங்கிப்போய், மூடினாலும் ஆடும். அவர் மனைவி கீல்களுக்கு மெழுகு தேய்த்து, இடுக்குகளில் பழைய செய்தித்தாளை மடித்துச் செருகி எப்படியோ ஓட்டிக்கொண்டிருந்தாள். ஆனால் வாசலிலேயே பஸ் நிறுத்தம். ஒவ்வொரு பஸ்ஸும் வந்து நின்று, உறுமி, பெருமூச்சு விட்டுக் கிளம்பும். அதற்கு மெழுகும் செய்தித்தாளும் என்ன செய்யும்?

"இந்தச் சத்தத்துல ஒரு மனுஷன் யோசிக்க முடியுதா?" என்று கத்துவார். அப்படி என்ன யோசிக்கப் போகிறார் என்று யாரும் கேட்டதில்லை.

அந்த இரைச்சலால் தனக்கு இருந்த சௌகரியத்தை அவர் உணரவே இல்லை. அலுவலகத்தில் அவர் இடி முழக்கம். வீட்டில் வெறும் முணுமுணுப்பு. மனைவி எதையாவது சொன்னால் நேருக்கு நேர் பதில் சொல்லத் துணிச்சல் கிடையாது, சொல்லாமல் விடப் பொறுமையும் கிடையாது. ஆகவே வாய்க்குள்ளேயே சொல்லி மனசை ஆற்றிக்கொள்வார். கூடவே இருந்த மாமியாருக்குக் காது மந்தம். பக்கத்தில் அவர் மட்டும் இருந்தால், சூப்பரிண்டெண்ட் வாயைச் சற்றுத் தாராளமாகவே திறந்துகொள்வார்.

ஒருநாள் ஜன்னல் கம்பெனி ஆள் ஒருவன் டை கட்டிக்கொண்டு வந்தான். கையில் ஒரு கண்ணாடிப் பெட்டி. அலாரம் அலறும் கடிகாரத்தை அதற்குள் வைத்து, குட்டிக் கதவைச் சாத்தினான். சத்தம் நின்றது.

"ரெட்டைக் கண்ணாடி சார். சுத்தி ரப்பர். எறும்பு தும்மினாக்கூட உள்ள வராது."

"எறும்பு எதுக்கு தும்மப் போகுது?" என்றாள் மனைவி. "இருக்கறதை இழைச்சு, கீல் மாத்தினா போதாதா?"

அதற்குள் சூப்பரிண்டெண்ட் கையெழுத்தே போட்டுவிட்டார்.

பழைய சட்டங்களைப் பெயர்த்தெடுத்தபோது வீடே புழுதிக் காடானது. மனைவி அடுப்புக்கும் கட்டிலுக்கும் பிளாஸ்டிக் விரித்தாள். சுவருக்கும் புதுச் சட்டத்துக்கும் நடுவே நுரை அடைத்து, ஓரமெல்லாம் வெள்ளைப் பசை பூசிவிட்டு ஆட்கள் போனார்கள். சூப்பரிண்டெண்ட் தானே எழுந்துபோய்க் கைப்பிடியைத் திருகினார். வெளியே ஒரு பஸ் வந்து நின்றது. வாய் திறந்த மீன் மாதிரி, சத்தமே இல்லாமல் கிளம்பிப் போனது. அவருக்குக் கண்கள் கலங்கிவிட்டன.

அன்று சாப்பிடும்போது மனைவி சொன்னாள்: "எல்லாம் சரி, சமையலறை ஜன்னலை மட்டும் பழையபடி விட்டிருக்கலாம். புகை எப்படிப் போகும்?"

சூப்பரிண்டெண்ட் வழக்கம்போலத் தட்டைப் பார்த்துக் குனிந்து வாய்க்குள் ஏதோ சொன்னார். மனைவி பரிமாறிய கையை நிறுத்தினாள்.

"என்ன சொன்னீங்க?"

"நானா? ஒண்ணும் சொல்லலையே."

"'இவ பெரிய இன்ஜினியர்'னு சொன்னார்டி" என்றார் மூலையில் உட்கார்ந்திருந்த மாமியார்.

மனைவிக்குக் கோபமே மறந்துபோனது. "அம்மா! உனக்குக் கேக்குதா?"

"நல்லாத்தான் கேக்குது. அந்த பஸ் எழவுதான் இத்தனை நாளா எதையும் காதுல விழ விடலை."

தாயும் மகளும் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதார்கள். மகிழ்ச்சிதான். சூப்பரிண்டெண்டும் சிரிக்க முயன்றார்.

அப்புறம் அந்த வீட்டில் அவர் விட்ட பெருமூச்சுக்குக்கூட விளக்கம் கேட்டார்கள். ஒரு காலையில் மேலதிகாரிக்குப் போன் செய்து, குரலை நடுங்க வைத்து, "எழுந்திருக்கவே முடியலை சார், நெருப்பா கொதிக்குது" என்றார். "மாப்பிள்ளைக்குக் காய்ச்சலா? இப்பத்தானே ரெண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டார்!" என்று மாமியார் பதறியது, அந்த நிசப்தத்தில் மேலதிகாரிக்குத் தெள்ளத் தெளிவாகக் கேட்டது. அடுத்த அரைமணியில் அவர் அலுவலகத்தில் இருந்தார்.

காற்று வேண்டும் என்று சாக்குச் சொல்லி ஜன்னலைத் திறந்து பார்த்தார். "ஆசைப்பட்டுப் போட்டுட்டு திறந்து வைக்கிறீங்களே, தூசி வருது" என்று மனைவி பின்னாலேயே வந்து சாத்தினாள். வேறு வழியில்லாமல் கம்பெனிக்குப் போன் போட்டார்.

மெக்கானிக் வந்தான். சூப்பரிண்டெண்ட் அவனைப் பின்னறைக்குத் தள்ளிக்கொண்டு போய்க் கிசுகிசுத்தார்.

"ஜன்னல்ல ஒரு கோளாறு. சத்தம் வரலை."

"வரலைன்னா நல்லா இருக்குன்னுதானே சார் அர்த்தம்?"

"அதான் கோளாறு. கொஞ்சமா, ஒரு பஸ்ஸுக்குப் பாதி சத்தமாவது வர்ற மாதிரி பண்ண முடியாதா?"

மெக்கானிக் அவரை ஏற இறங்கப் பார்த்தான். "ரப்பரை உருவினா வரும். ஆனா வாரண்டி போயிடும். பரவால்லையா?"

"பரவால்லை, உருவு."

"வேணாம் மாப்பிள்ளை" என்று அறை வாசலிலிருந்து குரல் வந்தது. மாமியார். மெக்கானிக்கை அனுப்பிவிட்டு மாமியார் கட்டிலில் உட்கார்ந்தார்.

"இத்தனை வருஷம் கழிச்சு மனுஷங்க பேசறது காதுல விழுது. அதைப் போய் கெடுக்கறீங்களே."

"இல்ல அத்தை, நான் பேசறது ஏதாவது உங்க மனசுக்கு..."

"நீங்க பேசறதுல பாதி அக்கிரமம். மீதி எனக்கே தோணினதுதான். என் பொண்ணு எங்கிட்டயும் அப்படித்தான் அதட்டிப் பேசுவா. நான் பெத்தவ, வெளிய சொல்ல முடியுதா? நீங்க சொல்றப்ப ஒரு நிம்மதியா இருக்கு." சற்று யோசித்துவிட்டு, "காலையில பேப்பர் முதல்ல எனக்கு வரணும். டிவியும் நான் சொல்ற சேனல்தான்" என்றார்.

சூப்பரிண்டெண்ட் உடனே தலையாட்டினார்.

மறுநாள் மனைவி, தரையில் ஈரக் காலோடு நடந்ததற்காக அவரை ஒரு பிடி பிடித்தாள். அவர் சுவரைப் பார்த்துக்கொண்டு நீளமாக, ரசித்து முணுமுணுத்தார்.

"என்னம்மா சொல்றார்?" என்று மனைவி தாயிடம் திரும்பினாள்.

மாமியார் பேப்பரிலிருந்து தலையை நிமிர்த்தவில்லை. "சரியா விழலைடி. இன்னிக்கு என்னமோ காதை அடைச்சிட்டிருக்கு."