சேமக்காலை வேலி

செத்த பிறகு சேமக்காலைக்குள்ளும் ஊர் ஊராகத்தான் இருந்தது. நடுச்சிலுவையைச் சுற்றிச் சுவாமிமார். வாசலில் இருந்து சிலுவை வரை, வள்ளமும் வலையும் சொந்தமாக வைத்திருந்து, சலவைக்கல் வைக்க வசதியுள்ள சம்மாட்டிமார். கடற்பக்கம் மற்றச் சனம், ஒருவருக்கு மேல் ஒருவராக. ஞானஸ்நானம் பெறாமல் செத்த குழந்தைகளுக்கு உள்ளே இடமே இல்லை. அவற்றைக் கடற்பக்க மதிலுக்கு வெளியே, கிறிஸ்துநாயகத்தின் தென்னங்காணி ஓரமாகத் தாட்டார்கள். எந்தக் காலத்தில் எவர் போட்ட சட்டமோ, கர்த்தருக்கே வெளிச்சம்.

றோஸின் தலைப்பிள்ளை மூச்சு விடாமலே பிறந்தது. அதுவும் அங்கேதான் கிடந்தது, மதிலில் இருந்து இரண்டு முழம் தள்ளி. கல்லறைத் திருநாளில் எல்லோரும் மெழுகுதிரி கொளுத்த, அவள் மதிலில் முகத்தை வைத்துக்கொண்டு நிற்பாள். வெளியே போய்க் கொளுத்தினால் காணிக்காரன் கத்துவான்.

தொண்ணூற்றொன்றில் கடலில் இருந்து வந்த ஷெல் அந்த மதிலைச் சரித்துவிட்டது. சீமெந்துக்கோ அரசாங்கத் தடை. பனையோலையால் வேலி அடைக்கச் சொன்னார் புதுச் சுவாமியார். வேலை றோஸின் புருஷன் கிறகோரியின் தலையில் விழுந்தது.

“இஞ்சாருங்கோ, வேலியை மூண்டு முழம் அங்காலை தள்ளி அரக்கிப் போடுங்கோ. பிள்ளை உள்ளுக்கை வந்திடும்.”

“உனக்கென்ன விசரே? அந்த மனுசன் ஒரு விரக்கடை காணிக்கே வழக்கெண்டு கோடு ஏறுறவர்.”

“ஏறட்டும். இனி நான் அதை வெளியிலை விடமாட்டன்.”

வேலி அரக்காத யாழ்ப்பாணத்தான் இனித்தான் பிறக்கவேண்டும். கிறகோரியும் அரக்கினான். முதற் கதியால் தடியை நட்டு மண் மிதிப்பதற்குள் கிறிஸ்துநாயகம் பாய்ந்து வந்தார். பின்னால் மனைவி அருமைநாயகி. பிள்ளைகுட்டி இல்லாத சோடி. காணிதான் அவர்களுக்குப் பிள்ளை என்று ஊர் நக்கலடிக்கும்.

“ஆரைக் கேட்டடா என்ரை காணிக்குள்ளை கதியால் நட்டனி?”

ஓலை எடுத்துக் கொடுக்க நின்ற றோஸ்தான் முன்னுக்கு வந்தாள்.

“அண்ணை, என்ரை பிள்ளை இதிலை கிடக்குது. கதியாலைப் பிடுங்கிறதெண்டால் என்னையும் சேர்த்துப் பிடுங்குங்கோ.”

“செத்ததுக்கெல்லாம் காணி எழுதிக் குடுக்கேலுமே? பிடுங்கடா அதை!”

அருமைநாயகிதான் பிடுங்கினாள். ஆட்டி ஆட்டி வெளியே இழுத்தாள். றோஸுக்கு அழுகை வந்துவிட்டது. அருமைநாயகி அவளைப் பார்க்கவேயில்லை. கதியாலைத் தோளில் வைத்துக்கொண்டு காணிக்குள் நடந்தாள். நடுக்காணியும் தாண்டி, கடைசித் தென்னையடியில் போய் நின்றாள்.

“கிறகோரி, குழி கிண்ட அலவாங்கைக் கொண்டு வா. வேலி இதாலை வரட்டும்.”

“உனக்கென்ன பேயே பிடிச்சது?” என்றார் கிறிஸ்துநாயகம்.

“ஊருக்குத்தான் சொல்லேல்லை. உங்களுக்குத் தெரியாதே? எங்கடை மூண்டும் இஞ்சைதானே கிடக்குது.”

கிறிஸ்துநாயகம்தான் குனிந்து அலவாங்கை எடுத்துக்கொண்டு போனார்.