மூன்றாவது பாட்டில்

கிளாஸ்கோவிலிருந்து வந்த மதிவாணன் பெட்டியைத் திறந்தான். சாக்லேட்டுக்கு அடியில் மூன்று விஸ்கி பாட்டில்கள் துண்டில் சுற்றிக் கிடந்தன.

அப்பாவுக்குத் தலைத்திவசம் முடிந்த மறுநாள் அது. ஒரத்தநாட்டுப் பக்கம் அவர்கள் வீட்டு வழக்கப்படி, அன்று கறியும் மீனும் ஆக்கி, போனவருக்குப் பிடித்ததையெல்லாம் படத்துக்கு முன்னால் வைத்துப் படைப்பார்கள். குடிக்கிற மனிதருக்கு அதுவும் உண்டு. அண்ணன் தியாகராசன் டாஸ்மாக்கில் ஒரு குவார்ட்டர் பிராந்தி வாங்கி வைத்திருந்தான். அப்பா வாழ்நாள் முழுக்கக் குடித்தது அதைத்தான்.

"இதையாண்ணே அப்பாவுக்கு வைக்கிறது?" என்று மதி அதை ஓரமாகத் தள்ளினான். "நான் கொண்டாந்ததுல நல்லதா ஒண்ணு வைப்போம். நீ குடிச்சுப் பாத்துச் சொல்லு."

தியாகராசனுக்குச் சுருக்கென்றது. ஆனாலும் உட்கார்ந்தான். தம்பி வாயிலிருந்து ஒரே ஒரு கேள்வி வரவேண்டும் என்று ஒரு வருஷமாகக் காத்திருந்தான்: அப்பா எப்படிச் செத்தார்? தகனம் முடிந்த பிறகுதான் மதியால் வந்து சேர முடிந்தது. ஹார்ட் நின்றுவிட்டது என்றார்கள். தலையில் அடித்துக்கொண்டு அழுதான், காரியம் முடிந்ததும் விமானம் ஏறினான். அதற்கு மேல் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அப்படி என்ன கல்நெஞ்சு என்று தியாகராசன் மனதுக்குள் திட்டாத நாளில்லை.

மதி கண்ணாடித் தம்ளர்களில் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினான். அந்த விஸ்கி வடிக்கிற தீவில் சதுப்பு நிலத்து மண்ணை வெட்டிக் காயவைத்து எரிப்பார்களாம், அந்தப் புகையில் பார்லியை வாட்டுவார்களாம். "மடக்குனு குடிக்காதண்ணே. முதல்ல மோந்து பாரு. அப்புறம் ரெண்டு சொட்டுத் தண்ணி."

முதலாவதில் புகை லேசாக இருந்தது, பின்னால் தேன் மாதிரி ஓர் இனிப்பு. தியாகராசனுக்கு அது பிடித்தது. இரண்டாவது கரியும் உப்புமாக நாக்கைப் பிடித்தது. மழையில் நனைந்த வைக்கோல் போர் எரிகிற மாதிரி இருக்கிறது என்றான். மதி தொடையில் தட்டிச் சிரித்தான். இருவரும் இப்படிச் சேர்ந்து சிரித்து எத்தனை காலம் ஆயிற்று! தியாகராசனின் கோபம்கூடக் கொஞ்சம் இளகியது.

"இப்பதான் ராஜா வர்றாரு," என்று மதி மூன்றாவதை நீட்டினான்.

தியாகராசன் மூக்கருகே கொண்டுபோனான். கை நின்றுவிட்டது. அயோடின் வாசனை, நனைந்த பஞ்சு, கட்டுத் துணி.

"என்னண்ணே, என்ன தெரியுது?"

"ஆஸ்பத்திரி."

"அடேயப்பா! கரெக்டா புடிச்சிட்டியே! அதுக்காகத்தான் உலகமே இதுமேல பைத்தியமா இருக்கு. அப்பாவுக்கு இதைத்தான் வைக்கணும்." அவன் ஒரு தம்ளர் நிறைய ஊற்றி, இலைக்குப் பக்கத்தில், படத்துக்கு நேராக வைத்தான்.

தியாகராசன் எழுந்துபோய் அந்தத் தம்ளரை எடுத்தான். தோட்டத்துப் பக்கம் கொண்டுபோய் வாழை மூட்டில் கொட்டிவிட்டு வந்தான்.

"உனக்கென்ன பைத்தியமாண்ணே?"

"இந்த நாத்தத்த வெளிய கொண்டு போங்கடான்னு கத்திக்கிட்டே செத்தாருடா அவரு." தியாகராசனின் குரல் உடைந்தது. "வயல்ல நத்தை ஓடு கிழிச்ச காலு. சர்க்கரை ஒடம்பு. மொதல்ல வெரல எடுத்தாங்க, அப்பறம் முட்டிக்குக் கீழ. தெனம் கட்டுப் பிரிச்சுக் கட்டுனவன் நான். நீ ஒரு வார்த்த கேட்டியா?"

மதி பாட்டிலைக் கீழே வைத்தான். முகம் வெளுத்துப் போயிருந்தது.

"கேட்டேண்ணே," என்றான் மெதுவாக. "ஞாயித்துக்கிழமை தவறாமக் கேட்டேன். அப்பா கால் எப்படி இருக்குன்னு. சின்னப் புண்ணு, ஆறிக்கிட்டு வருதுன்னு சொன்னது யாரு? நீதானேண்ணே."

வெளிநாட்டில் இருக்கிற பிள்ளைக்குக் கெட்டதைச் சொல்லக்கூடாது என்பது இந்தப் பக்கத்தில் எந்த வீட்டிலும் யாரும் யோசித்துச் செய்வதல்ல. அப்பாவே கட்டிலில் கிடந்தபடி, 'அவன்கிட்ட ஒண்ணும் சொல்லாத' என்று கையைப் பிடித்துக்கொண்டார். தியாகராசனும் வாரா வாரம் சிரித்த குரலில் பொய் சொன்னான். அந்தப் பொய்யை நம்பியவன் மேல்தான் ஒரு வருஷம் கறுவிக்கொண்டிருந்திருக்கிறான்.

"காலு இல்லாமயா எரிச்சீங்க?" என்று கேட்டுவிட்டு மதி சுவரோரம் உட்கார்ந்தான். குலுங்கிக் குலுங்கி அழுதான். அடுப்படியிலிருந்து வந்த விஜயலட்சுமி அண்ணியைப் பார்த்ததும் இன்னும் சத்தம் கூடியது.

அந்த நேரம் பார்த்து மதியின் போன் அடித்தது. கிளாஸ்கோவிலிருந்து அவன் மனைவி. அவன் எடுக்கிற நிலையில் இல்லை. தியாகராசன் எடுத்தான்.

"மாமா, படையல் ஆயிடுச்சா? யாரோ அழுற மாதிரி கேக்குதே? அவரு நல்லாத்தானே இருக்காரு?"

தியாகராசன் தொண்டையைச் செருமிக்கொண்டான்.

"எல்லாம் நல்லா இருக்கோம்மா," என்றான், ஞாயிற்றுக்கிழமைக் குரலில். "அவனுக்கு லேசா ஜலதோசம். வேற ஒண்ணும் இல்ல."