ஐந்து பேர் வரிசை

ரூடியை வலப்பக்கமாகப் புரட்டிப் பிடித்துக்கொண்டு அவனுக்கு அடியிலிருந்த நனைந்த விரிப்பை அவன் மனைவி இர்மா உருவிக்கொண்டிருந்தபோது வாசல் மணி அடித்தது. கையை எடுத்தால் அவன் மல்லாந்துவிடுவான். "ஒரு நிமிஷம்" என்று அவள் கத்துவதற்குள் கதவு திறந்து, இரண்டு ஜோடி காலணிகள் சேறும் இலையுமாகக் கம்பளத்தின் மேல் ஏறிவிட்டன. இந்த ஊரில் கோச் பாபிச் எந்த வீட்டு வாசலிலும் காத்து நின்றதில்லை.

கோச்சுக்கு எண்பத்து நான்கு வயது. தலையில் பள்ளி அணியின் மெரூன் தொப்பி. பின்னால் லென் கோவல், டோனட் பெட்டியுடன். முன்பு பள்ளி அணிக்கு கோச் தலைமைப் பயிற்சியாளர். ரூடி பள்ளிப் பையனாக அவரிடம் ஆடியவன்; பிறகு அவனும் லென்னும் அவருக்கு உதவிப் பயிற்சியாளர்கள்.

"நீ உன் வேலையப் பாரும்மா. நாங்க அந்தப் பக்கம் திரும்பிக்கறோம்" என்றார் கோச். திரும்பவில்லை.

இர்மா புது விரிப்பைச் செருகி, ரூடியைப் படுக்க வைத்து, போர்வையை இழுத்துவிட்டாள். ஈரல் புற்று அவனை மஞ்சளாக்கியிருந்தது. ஒருகாலத்தில் எந்தக் கடைச் சட்டையின் கழுத்துப் பொத்தானும் அவனுக்குப் பூட்டாது. இப்போது தொண்டைக் குழிக்குள் ஒரு முட்டையை வைக்கலாம்.

"நர்ஸ் என்ன சொன்னா?" என்று லென் தாழ்ந்த குரலில் கேட்டான்.

"இன்னிக்கு. இல்லன்னா நாளைக்கு."

"அதான் வந்தோம்" என்றார் கோச். "சனிக்கிழமை மத்தியானம். நம்ம ரூடி தனியா ஆட்டம் பாக்கலாமா?" கட்டிலருகே நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு டி.வி.யைப் போட்டார். பெட்டியைத் திறந்து ஒரு டோனட்டைக் கடித்தார். பொடிச் சர்க்கரை போர்வைமேல் உதிர்ந்தது. அழுக்குத் துணியைக் கையில் சுருட்டிப் பிடித்தபடி இர்மா அதைப் பார்த்தாள். மலமும் மருந்தும் நாறும் அறையில் ஒரு மனிதனால் இப்படி மெல்ல முடிகிறதே.

டி.வி.யில் ஓடியது பந்தைக் கையால் எறிந்து ஆடும் அமெரிக்க ஃபுட்பால். பந்து வைத்திருந்த அணி மைதானத்தின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை ஆட்களைப் பரப்பி நிறுத்தியிருந்தது. தடுக்கும் அணியும் அவர்கள் பின்னாலேயே சிதறி நின்றது.

"பாத்தியா, நடுவுல ஈ காக்கா இல்ல" என்றார் கோச். "இதெல்லாம் ஒரு தடுப்பா? நம்ம காலத்துல அஞ்சு பேர் வரிசையா குனிஞ்சு நிப்பான். நடுவுல ரூடி. எவன் உள்ள வருவான்?"

"இப்ப எவன் உள்ள வரான் கோச்?" என்றான் லென். "எல்லாம் ஓரமா ஓடி, தலைக்கு மேல எறியறான். அஞ்சு தடியனுங்க நடுவுல நின்னு யாரை மறிக்கிறது? காலி மைதானத்துல கட்டிப்போட்ட மாடு மாதிரி நிக்க வேண்டியதுதான்."

"அதெல்லாம் இல்லடா. பசங்களுக்குத் தெம்பு இல்ல. ஒவ்வொரு தடவையும் ரெண்டு பேர் மோதறதை ஒருத்தன் வாங்கணும்னா, இப்ப எந்த அம்மா பிள்ளைய அனுப்புவா? அதனாலதான் அஞ்சு பேர் வரிசை ஒழிஞ்சுது."

துணிகளை வாஷிங் மெஷினில் திணிக்கையில் இர்மாவின் கை நின்றது.

அந்த வரிசை எதனால் ஒழிந்தது என்று அவளுக்குத் தெரியும். தொண்ணூற்று ஆறிலிருந்து மூன்று வருஷம், சாப்பாட்டு மேஜையில் உருளைக்கிழங்கை நகர்த்தி வைத்து ரூடி அவளுக்குக் காட்டியிருக்கிறான். "ஒரு பெரிய ஆளைத் தூக்கிடணும் இர்மா. அவன் இடத்துக்கு ஒரு வேகமான பையனைப் பின்னாடி நிறுத்தணும். நாலு போதும்." தாளில் வரைந்து கோச்சிடம் கொண்டுபோனான். "நான் இருக்கறவரைக்கும் அஞ்சு பேர்தான்" என்று சொல்லி கோச் அதைக் காபிக் கோப்பைக்கு அடியில் வைத்துக்கொண்டாராம். தொண்ணூற்று ஒன்பதில், மாவட்ட இறுதி ஆட்டத்தில், எதிரணி ஒன்பது முறை தலைக்கு மேலே எறிந்து ஐம்பத்தைந்துக்கு ஆறு என்று இவர்களைத் துவைத்தது. மறுநாள் பேப்பரில் கோச் சொல்லியிருந்தார்: தடுப்பு ஸ்லாவிக் பொறுப்பு. அந்த வாரமே ரூடி ஸ்லாவிக்குக்கு வேலை போயிற்று. அடுத்த வருஷம் நாலு பேர் வரிசை வந்தது. ஜெயித்தார்கள். இப்போது மைதானத்துக்கு கோச் பெயர்.

ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை ரூடி வெளியே சொல்லவில்லை. "நடுவுல நிக்கறவன் வேலையே அதுதான். ரெண்டு பேரை நான் வாங்கினாத்தான் பின்னாடி நிக்கறவன் ஆளைப் பிடிக்க முடியும்" என்றான். அன்றைக்கு அவன்மேல் வந்த வெறுப்பு, பதிமூன்று வருஷம் அவனுக்கு ஆக்கிப்போட்டும் அவளுக்குள் முழுசாகக் கரையவில்லை.

அவள் திரும்பி வந்தபோது ரூடி கண்ணைத் திறந்திருந்தான். கோச் சர்க்கரை ஒட்டிய விரல்களால் அவன் கையைப் பிடித்திருந்தார். ரூடியின் விரல்கள் மூன்று திசையில் வளைந்தவை, எத்தனையோ முறை உடைந்து கூடியவை.

"டேய், அந்த ஆட்டத்தை மனசுல வெச்சுக்காத" என்றார் கோச். "நான் உன்னை எப்பவோ மன்னிச்சிட்டேன்."

ரூடியின் உதடுகள் ஒட்டிப் பிரிந்தன. "சாரி, கோச்."

இரண்டு நாளாக அவன் வாயிலிருந்து வந்த ஒரே பேச்சு அது. அவளிடம் தண்ணீர்கூடக் கேட்கவில்லை.

இர்மா அடுக்களைக்குப் போய்க் சுடுதண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டுக் கையைத் தேய்த்தாள். யார்மேல் அருவருப்பு என்று அவளுக்கே தெரியவில்லை. உள்ளே இருந்த மூன்று பேர்மேலும்தான். கை சிவக்கும்வரை தேய்த்தாள். முன்னறையில் "எறிடா, எறி!" என்று கோச் கூவினார். லென் தொடையில் தட்டினான். அவள் கையைத் துடைத்துக்கொண்டு நிலைப்படிக்கு வந்தாள்.

போர்வை ஏறி இறங்கவில்லை.

அவள் எண்ணினாள். இருபதுவரை எண்ணியும் அது அசையவில்லை. கோச் இன்னும் அந்தக் கையைப் பிடித்தபடி டி.வி.யைப் பார்த்துக்கொண்டிருந்தார். இர்மா நடந்துபோய் டி.வி.யை அணைத்தாள்.

"ஐயோ, என்னம்மா! முக்கியமான கட்டம்!"

"போயிட்டான்" என்றாள்.

லென் எழுந்த வேகத்தில் நாற்காலி சாய்ந்தது. கோச் தொப்பியைக் கழற்றினார். கீழே வழுக்கைத் தலை, கொசுவலைபோல் நீல நரம்பு.  பிறகு அழுதார். நிஜமாகவே அழுதார், மூக்கு ஒழுகியது.

"சர்ச்சுல நான் பேசறேன் இர்மா. ரெண்டு வார்த்தை நான்தான் பேசணும். இத்தனை வருஷம் கூட நின்னான். ஒரு தடவை, ஒரு தடவைகூட என்னை ஏன்னு கேட்டதில்ல."

"கேட்டான்" என்றாள் இர்மா. "மூணு வருஷம் கேட்டான். படம் வரைஞ்சு கொண்டுவந்து கேட்டான்."

"அதெல்லாம் இப்ப எதுக்கு..."

"கேட்டான் கோச்" என்றான் லென், தரையைப் பார்த்தபடி. "நானும் அந்த ரூம்லதான் இருந்தேன்."

இர்மா அவனைப் பார்த்தாள். ஈஸ்டருக்கும் கிறிஸ்துமஸுக்கும் இந்த வீட்டு மேஜையில் உட்கார்ந்து சாப்பிட்டவன். ரூடிக்கு வேலை போன வாரம், அவன் தோளில் கைபோட்டு "விடுடா, எல்லாருக்கும் தப்பு நடக்கும்" என்றவன். தெரிந்தே சொல்லியிருக்கிறான். இத்தனை நாள் வாய்க்குள் வைத்து ஊறவைத்ததை, கேட்க வேண்டியவனுக்குக் காது போன பிறகு துப்புகிறான். கோச்கூடப் பரவாயில்லை என்று தோன்றியது. அந்தக் கிழவர் தன் பொய்யை நம்பவாவது செய்தார்.

"உங்க கோட்டை எடுத்துக்கிட்டுக் கிளம்புங்க" என்றாள்.

"ஃப்யூனரல் ஹோமுக்கு நான் போன்..."

"கோட்டை எடுத்துக்க லென்."

கோச் வாசல் படியில் கால் தடுமாறியபோது லென் தாங்கிப் பிடித்தான். சர்ச்சில் பேசுவதைப் பற்றி அவர் மறுபடி எதுவும் கேட்கவில்லை. கார் சரிவில் இறங்கி மறைந்தது.

அவள் ரூடியின் வாயைத் துடைத்து, கண்களை மூடிவிட்டாள். ஜன்னல்களை ஒவ்வொன்றாகத் திறந்தாள். நவம்பர்க் காற்று அடித்துக்கொண்டு உள்ளே வந்தது. நர்ஸுக்குப் போன் செய்ய வேண்டும். செய்யாமல், போட்டிருந்த மெல்லிய சட்டையோடு பின்வாசலுக்குப் போய் நின்றாள். பக்கத்து வீட்டு மிஸ்டர் டூகன் வேலியோரம் இலைகளை வாரிக்கொண்டிருந்தார்.

"ஆட்டம் சத்தம் கேட்டுது" என்றார் அவர். "யாரு ஜெயிச்சா?"

"தெரியல. நான் பாக்கல."

அவர் தலையசைத்துவிட்டு மறுபடி வாரத் தொடங்கினார். குவியலின் மேலிருந்த இலைகள் காற்றில் எழும்பி, அவர் பெருக்கி முடித்திருந்த புல்லின் மேலேயே போய் விழுந்தன. அவர் திரும்பிப் பார்க்கவில்லை. அவள் சொல்லவும் இல்லை.