என் மோரில் மேரி சுட்ட ரொட்டி

மோர் என்னுடையது. மீஞ்சூரில் எங்கள் வீட்டு எருமைப் பாலைத் தோய்த்து, நானே கடைந்து வெண்ணெய் எடுத்த மோர். பேர் மட்டும் மேரிக்கு.

என் வீட்டுக்காரர் சின்னதுரை, காட்டுப்பள்ளியில் ஓர் அயர்லாந்துக்கார இன்ஜினீயருக்குக் கார் ஓட்டுகிறார். மேரி அங்கே கெஸ்ட் ஹவுஸ் சமையல்காரி. அந்த இன்ஜினீயருக்குச் சின்ன வயதில் வீட்டில் தினமும் தோலோடு அவித்த உருளைக்கிழங்கும் மோரும்தானாம். ரொட்டிக்கு ஈஸ்ட் கிடையாது. மாவில் மோரும் ஆப்ப சோடாவும் சேர்த்துப் பிசைந்து, இரும்புச் சட்டியில் வைத்து, மூடிமேல் தணலைப் போட்டு அவர் அம்மா சுடுவாராம். அவர் சொல்லச் சொல்ல மேரி அப்படியே சுட்டுவிட்டாள். அன்றிலிருந்து தினமும் ஒரு தூக்கு மோர் என் வீட்டிலிருந்து போகிறது.

"மேரி ரொட்டி இன்னா மெத்துனு கீது தெரியுமா?" என்று வந்து நிற்பார் இவர். நான் வைத்த கருவாட்டுக் குழம்பு தட்டில் ஆறிப் போகும். பதினெட்டு வருஷமாக ஆக்கிப் போடுகிறேன். ஒரு நாளாவது நன்றாக இருக்கிறது என்று வாயைத் திறந்து சொன்ன மனுஷனா? வயிறு எரிந்தது எனக்கு.

வெள்ளிக்கிழமை பச்சை மிளகாயையும் பெருங்காயத்தையும் அரைத்து, தூக்கு மோரில் கலக்கி அனுப்பினேன். சுடட்டும், இன்றைக்குத் தெரியும் அவள் கைப்பக்குவம்!

சாயங்காலம் இவர் சிரித்துக்கொண்டே வந்தார். கையில் துணியில் சுற்றிய முழு ரொட்டி.

"சாரோட அம்மா, மோர் குடுத்தவங்களுக்கு ஒரு ரொட்டி அனுப்புவாங்களாம். மேரி உனக்குனே தனியா சுட்டா. 'அக்கா மோருலதான் சுட்டேன், அக்காதான் துன்னணும்'னு சொல்லிக் குடுத்தா."

"அப்போ சாருக்கு?"

"அவருக்குக் கடையில வேற மோர் வாங்கினு வரச் சொன்னா. ஏன்னு தெரில."

எனக்குத் தெரிந்தது. தூக்கைத் திறந்ததுமே அவள் மூக்குக்கு எட்டியிருக்கும். இவரிடம் மூச்சு விடவில்லை, பாவி. இவருக்குத் தெரிந்தால் இனி என் கையால் தண்ணீர்கூடக் குடிக்கமாட்டார்.

"துன்னு பாரு, பூமி."

பிட்டு வாயில் போட்டேன். நாக்கு எரிந்தது. இவர் ஒரு துண்டுக்குக் கை நீட்ட, ரொட்டியை வெடுக்கென்று இழுத்துக்கொண்டேன்.

"எனக்குனுதானே குடுத்தா!"

"சரி, கண்ணு இன்னாத்துக்குக் கலங்குது?"

"சந்தோஷம்யா."

துளி விடாமல் தின்று முடித்தேன். சண்டாளி, அந்த மோரிலும் மெத்தென்றுதான் சுட்டிருந்தாள்.